டீசல் லோகோ ஷெட்டின் உள்ளே

ஈரோடு ஜங்ஷனில் ஒரு முறையேனும் ரெயிலுக்காகக் காத்து நின்றிராத நெசவாளரோ மஞ்சள் விவசாயியோ நம் பகுதியில் மிகச் சிலராகவே இருப்பர். சேலத்திலிருந்து கோயம்புத்தூருக்குச் செல்லும் பிரதான பாதையும், கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் போகும் பாதையும் அங்கே கூடுகின்றன. பிளாட்பாரத்தில் நிற்பவர் கண்ணுக்கு வண்டியும் கூட்டமும் மூட்டைகளுமே தெரியும். ஆனால் அந்த ஊரில் ரெயில் இஞ்சின்களைப் பேணுவதற்கென்றே இரண்டு பெரிய ஷெட்டுகள் இருக்கின்றன. ஒன்று மின்சார இஞ்சின்களுக்காக எழுந்தது. மற்றொன்று டீசல் இஞ்சின்களுக்காக எழுந்தது. இக்கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

தறிக்காரருக்கும் உழவருக்கும் உரிய இந்தப் பத்திரிகையில் ரெயில் இஞ்சின் ஷெட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். அதற்கு விடையாக, என்னைத் தலைகுனிய வைத்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் காரியதரிசியாக இருந்த ஒரு சிறு சங்கத்துக்குப் பத்துக் குதிரைத் திறன் கொண்ட ஆயில் இஞ்சின் ஒன்று சொந்தமாக இருந்தது. மின்சாரம் நின்றுபோகும் நாட்களில் பொதுக்கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதற்கு அதையே நம்பியிருந்தோம். அதைக் கவனித்துக்கொள்ள ஓர் ஒர்க்‌ஷாப்புடன் ஒப்பந்தம் செய்திருந்தோம். மாதந்தோறும் ஆள் வந்தார். ‘எண்ணெய் மாற்றப்பட்டது’ என்று நோட்டில் எழுதினார். நானும் அதன் கீழே கையொப்பமிட்டேன். மார்கழியில், மஞ்சள் கிழங்கு பருக்கும் சமயத்தில், டிரான்ஸ்பார்மர் எரிந்து மின்சாரம் பத்து நாட்கள் வரவில்லை. இரண்டாம் நாளே இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் அடிச்சட்டியில் எண்ணெய் இல்லை, தார் போன்ற ஒரு குழம்பு இருந்தது. பேரிங் உருகி, கிராங்க் தண்டில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு தண்ணீர் தவறிப்போயிற்று. அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டிருந்த ஓர் அங்கத்தினர், சங்கக் கடனை அடுத்த ஆண்டுக்கு மாற்றி எழுதும்படி கேட்டு என் முன் வந்து நின்றார். எழுதுவதற்கு எடுத்த பேனா, அந்த நோட்டில் கையொப்பமிட்ட அதே பேனா.

என் மனைவியின் தமையனார் ரெயில்வே டீசல் ஷெட் ஒன்றில் நெடுங்காலம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கிராங்க் தண்டை அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடைசியாக எப்போது எண்ணெயைச் சோதித்தீர்கள், மாப்பிள்ளை?” என்று கேட்டார். “மாதாமாதம் மாற்றியிருக்கிறோம், மச்சான்” என்றேன். “மாற்றியதை நான் கேட்கவில்லை, சோதித்ததைக் கேட்கிறேன்” என்றார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. அவரிடம் பல மாலைகள் உட்கார்ந்து கேட்டும், நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

டீசல் இஞ்சின் நம் நாட்டுப் பிரதான பாதைகளுக்குப் பெருமளவில் வந்தது 1957, 1958ஆம் ஆண்டுகளில். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிடமிருந்து நூறு இஞ்சின்கள் அப்போது தருவிக்கப்பட்டன. 1962இல் அதே கம்பெனியின் ‘டபிள்யூ.டி.எம்.2’ என்னும் வகை வந்தது. அதை இங்கேயே செய்வதற்காக வாராணசியில் தொழிற்சாலை எழுப்பி, அதில் செய்த முதல் இஞ்சினை 1964ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிக்கொணர்ந்தனர். தாய்க் கம்பெனியான ஆல்கோ 1969இல் இஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. வாராணசியிலோ அதன் வழிவந்த இஞ்சின்கள் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பிறந்துகொண்டிருந்தன. நம் பக்கத்து மீட்டர் பாதைகளில் ஓடியது அதன் தம்பியான ‘ஒய்.டி.எம்.4’. அண்ணனுக்குச் சிலிண்டர் பதினாறு, தம்பிக்கு ஆறு.

அந்த அண்ணனின் உருவத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால்தான் ஷெட்டின் அமைப்பு விளங்கும். எடை ஏறத்தாழ 113 டன். திறன் 2,600 குதிரை; அதாவது ஐந்து குதிரைத் திறன் கொண்ட நம் பம்பு செட்டுகள் 520ஐ ஒன்றாகக் கட்டி வைத்தாற்போல. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் ஒன்பது அங்குலம்; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் பத்தரை அங்குலம். வெறுமனே ஓடும்போது நிமிஷத்துக்கு 400 சுற்று. முழு வேகத்தில் 1,000 சுற்று. டீசல் தொட்டி 5,000 லிட்டர் கொள்ளும். மசகெண்ணெய் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர். குளிர்விக்கும் நீர் அதற்கும் சற்று மேல்.

இந்த யந்திரம் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். யந்திரம் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியே கீழே இறங்கி, ஆறு அச்சுகளிலும் ஒவ்வொன்றாகப் பூட்டிய ஆறு மோட்டார்களை ஓட்டுகிறது. ஆகவே டீசல் இஞ்சின் என்று நாம் அழைப்பது, தனக்கு வேண்டிய மின் நிலையத்தைத் தன் முதுகிலேயே சுமந்து திரியும் ஒரு மின்சார வண்டி. அதைப் பேணும் ஷெட்டில் எண்ணெய்க் கை ஃபிட்டரும் மின்சார ஃபிட்டரும் அருகருகே வேலை செய்ய வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

நீராவி இஞ்சின் ஷெட்டை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிலக்கரிக் குவியல், சாம்பல் குழி, தண்ணீர்த் தூண், இஞ்சினைத் திருப்பும் வட்டமேடை, எங்கும் புகை. அடுப்பை மூட்டி நீராவி ஏறப் பல மணி நேரம் ஆகும். டீசலுக்கு இவற்றில் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு: தூசி ஆகாது. அது சுவாசிக்கும் காற்றிலோ, குடிக்கும் எண்ணெயிலோ, மசகிலோ மண் கலந்தால் உள்ளே அரம் வைத்து அராவியதாகிவிடும். ஆகையால் பழைய நீராவி ஷெட்டின் கரியும் சாம்பலும் பறக்கும் கூரையின் கீழ் டீசலைக் கொண்டுவந்து நிறுத்திப் பேண முடியாது. அதற்குத் தனி இடமும் சுத்தமான தரையும் வேண்டியிருந்தன.

வாசல் முதல்

ஓர் இஞ்சின் பயணம் முடித்து ஷெட்டுக்குள் வருவதைப் பின்தொடர்ந்து செல்வோம்.

முதலில் அது நிற்பது டீசல் நிரப்பும் இடத்தில். டாங்கர்களில் வந்து இறங்கும் டீசலைப் பெருந்தொட்டிகளில் தேக்கி, வடிகட்டி, அளவைமானி வழியாக இஞ்சினுக்குச் செலுத்துகிறார்கள். எத்தனை லிட்டர் ஏறிற்று என்பது இஞ்சினின் எண்ணோடு பதிவாகிறது. ஓடிய தூரத்தோடு அதை ஒப்பிட்டால் எந்த இஞ்சின் அதிகம் குடிக்கிறது என்பது தெரிந்துவிடும். தொட்டி 5,000 லிட்டர் என்னும்போது நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினாலும் ஐம்பது லிட்டர் அல்லவா? தரையில் சிந்தும் எண்ணெய் மண்ணில் இறங்காமல் வாய்க்காலில் கூடிப் பிரிக்கும் தொட்டிக்குச் செல்லும்படி தளம் போட்டிருப்பார்கள்.

அடுத்தது மணல். நூறு டன்னுக்கு மேற்பட்ட எடை இருந்தும், மழையில் நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அப்போது சக்கரத்தின் முன்னே குழாய் வழியாகச் சிறிது மணலை ஊதிப் பிடிப்பு உண்டாக்க வேண்டும். அந்த மணல் சலித்ததாகவும், ஈரம் சிறிதுமின்றி உலர்த்தியதாகவும் இருக்க வேண்டும். ஈர மணல் குழாயை அடைத்துவிடும். தறிக்கொட்டகையில் கஞ்சி போட்ட பாவு உலர்வதற்குக் காத்திருப்பதுபோல, இங்கே மணல் உலர்த்துவதும் ஒரு தனி வேலை. கோடி ரூபாய் பெறும் யந்திரம் ஒரு படி மணலை நம்பி ஏற்றத்தில் ஏறுகிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

இஞ்சின் டிரைவர் தாம் கண்ட குறைகளை ஒரு புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டு இறங்குகிறார். ‘இரண்டாம் மோட்டாரிலிருந்து நெடி வருகிறது’, ‘ஏற்றத்தில் கரும்புகை’, ‘ஹாரன் சரியில்லை’ என்பன போன்ற குறிப்புகள். இவற்றைப் படித்த பின்னரே ஷெட்டின் வேலை தொடங்குகிறது. கரும்புகை என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் காற்று வடிகட்டி அடைப்பு, டர்போவின் சோர்வு, டீசல் தூவும் நாசிலின் ஒழுக்கு என்று பல காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதில்தான் ஃபிட்டரின் கைத்திறம் இருக்கிறது.

மூன்று தளங்கள்

ஷெட்டின் நடுநாயகமான கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது அதன் தரை ஒரே மட்டத்தில் இல்லை என்பதே. தண்டவாளங்களுக்கு நடுவே ஆள் நின்று வேலை செய்யும்படி நீளமான குழி ஓடுகிறது. தண்டவாளத்தின் இரு பக்கமும் தாழ்ந்த தளம். அதற்கு மேல், இஞ்சினின் நடைமேடைக்குச் சரியான உயரத்தில், தூண்கள் மீது எழுப்பிய மற்றொரு தளம்.

இதைப் போல எளிய ஏற்பாடு வேறில்லை; இதைப் போல நேரத்தை மிச்சப்படுத்துவதும் வேறில்லை. குழியில் நிற்பவர் மோட்டாரின் அடிப்பாகத்தையும் பல்சக்கர உறையையும் விளக்குப் பிடித்துப் பார்க்கிறார். நடுத்தளத்தில் நிற்பவர் சக்கரம், பிரேக் கட்டை, வில், அச்சுப்பெட்டி ஆகியவற்றைக் கவனிக்கிறார். மேல்தளத்தில் நிற்பவர் பக்கக் கதவுகளைத் திறந்து, குனியாமலும் ஏணி வைக்காமலும் யந்திரத்தின் தலைப்பகுதியில் கை வைக்கிறார். மூவரும் ஒரே நேரத்தில் ஓர் இஞ்சினில் வேலை செய்யலாம். ஒருவர் காலடியில் மற்றொருவர் தலை இராது. குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கும் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடலுக்கு ஏற்ற உயரத்தில் வேலையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் தரையைத் தோண்டிச் சாதித்தார்கள். ரெயில்வேக்காரர் தோண்டியும் உயர்த்தியும் சாதித்திருக்கிறார்கள்.

இது நாள்தோறும் நடக்கும் இலேசான வேலைக்கான பகுதி. இதற்கு அடுத்திருப்பது பெரிய பழுது பார்க்கும் பகுதி. அதன் கூரை இன்னும் உயரம். மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேன்கள் உண்டு. பிஸ்டனையும் லைனரையும் கழற்றி மேலே தூக்குவதும், இஞ்சினின் உடலையே சக்கரக் கூட்டிலிருந்து பிரித்து உயர்த்துவதும் இங்கேதான். மோட்டார் எரிந்துபோனால் உடலைத் தூக்கி, போகியை வெளியே உருட்டி, வேறு மோட்டார் பூட்டிய போகியை உள்ளே தள்ளி, மீண்டும் உடலை இறக்குவார்கள். கழற்றிய மோட்டார் பிறகு ஆற அமரப் பழுது பார்க்கப்படும். உதிரி உறுப்புகளை முன்கூட்டியே சீர் செய்து தயாராக வைத்துக்கொண்டு, வந்த இஞ்சினுக்கு மாற்றி மாட்டி அனுப்புவதே இந்த ஷெட்டுகளின் பொது முறை. உறுப்பு காத்திருக்கலாம், இஞ்சின் காத்திருக்கக் கூடாது.

சுற்றிலும் சிறு சிறு கூடங்கள். டீசல் தூவும் நாசில்களுக்கு ஒன்று. அங்கே சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4,000 பவுண்டு அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தி, அது பனிபோலத் தூவுகிறதா, துளியாகச் சொட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். யந்திரத்தின் வேகத்தைக் கட்டும் கவர்னருக்கு ஒன்று. பாட்டரிக்கு ஒன்று, எட்டுப் பாட்டரிகள் சேர்ந்து 64 வோல்ட் தந்தால்தான் அந்தப் பெரிய யந்திரம் முதல் சுற்றுச் சுற்றும். டர்போவுக்கு ஒன்று. இந்த டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, உள்ளே காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அதன் உடல்நிலையை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. யந்திரத்தை நிறுத்திய பின்னும் டர்போ தன் வேகத்தால் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும். காதை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, அது ஓய எத்தனை நேரம் ஆகிறது என்று எண்ணுவார்கள். ஒன்றரை நிமிஷம் முதல் மூன்று நிமிஷம் வரை சுழன்றால் நலம். முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ உராய்கிறது. என் மச்சான் கைக்கடிகாரத்தை இன்றும் வலக்கையில் கட்டுவது இந்தப் பழக்கத்தால்தானோ என்று கேட்டேன். இல்லையாம்; இடக்கையில் பழைய தீக்காயம்.

பழுது பார்த்து முடித்த இஞ்சினை அப்படியே வண்டியில் பூட்டி அனுப்பிச் சோதிக்க முடியாது. அதற்கென்று ஷெட்டின் ஓரத்தில் ‘லோடு பாக்ஸ்’ இருக்கிறது. இஞ்சினை நிறுத்தி வைத்தபடியே எட்டாவது நாட்ச் வரை, அதாவது முழுத் திறன் வரை, ஓட்டுகிறார்கள். பிறக்கும் மின்சாரம் மோட்டார்களுக்குப் போகாமல் பெரிய மின்தடைகளுக்குச் சென்று வெப்பமாகக் கரைகிறது. ஒரு கிலோவாட் மின்சார அடுப்புகள் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் ஒரே இடத்தில் எரிவது போன்ற வெப்பம் அது. பழுது பார்த்தவர்கள் எல்லாரும் அப்போது பக்கத்தில் நிற்பார்கள். ஒழுக்கு இருந்தால் அங்கே ஒழுகிவிடும். புகை இருந்தால் அங்கே தெரிந்துவிடும். நடுக்காட்டில் ஐந்நூறு பயணிகளோடு தெரிவதைவிட அது மேல்.

ஆய்வுக்கூடம்

இத்தனையும் சொன்ன பிறகு, என் மச்சான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஷெட்டின் ஒரு மூலையில், கிரேனும் சத்தமும் இல்லாத ஓர் அறையில், ஆய்வுக்கூடம் இருக்கிறது. வந்து சேர்ந்த இஞ்சினிலிருந்து, யந்திரம் சூடாக இருக்கும்போதே, சுத்தமான சிறு புட்டியில் மசகெண்ணெய் எடுத்து அங்கே அனுப்புகிறார்கள். புட்டியின் மேல் இஞ்சினின் எண்ணும் தேதியும் இருக்கும்.

அந்த எண்ணெயை மின்பொறியில் எரித்து, எழும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. ஸ்பெக்ட்ரோ மீட்டர் என்பது அதன் பெயர். ஒவ்வோர் உலோகமும் எரியும்போது தனக்கே உரிய நிற ஒளியை வெளியிடும். அதைக் கொண்டு எண்ணெயில் எந்த உலோகம், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கண்ணுக்கும் விரலுக்கும் தட்டுப்படாத தேய்மானம் அது.

இனி அதன் பொருள். செம்பும் ஈயமும் வெள்ளீயமும் ஏறினால் பேரிங் தேய்கிறது. இரும்பு ஏறினால் லைனர், கிராங்க் தண்டு முதலியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அலுமினியம் ஏறினால் பிஸ்டன். சிலிக்கன் ஏறினால் அது யந்திரத்தின் உடலிலிருந்து வந்ததன்று. வெளியிலிருந்து புகுந்த தூசி. காற்று வடிகட்டியைப் பார். சோடியம் ஏறினால் இன்னும் சுவை. குளிர்விக்கும் நீர் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அதில் போடும் மருந்தில் சோடியம் உண்டு. எண்ணெயில் அது தென்பட்டால் எங்கோ ஒரு விரிசல் வழியாக நீர் எண்ணெயில் கசிகிறது என்று அர்த்தம். எண்ணெயின் கெட்டித்தன்மையையும் அளப்பார்கள். கெட்டிப்பட்டிருந்தால் கரியும் கசடும் சேர்ந்துவிட்டன. இளகியிருந்தால் டீசல் ஒழுகிக் கலந்துவிட்டது.

ஒரே ஒரு சோதனையில் கிடைத்த எண்ணால் பெரிய பயன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்ற முறை எத்தனை, அதற்கு முந்தின முறை எத்தனை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மெதுவாக ஏறுவது முதுமை. திடீரென்று ஏறுவது நோய். அதனால்தான் ஷெட்டில் ஒவ்வோர் இஞ்சினுக்கும் அது பிறந்த நாள் முதல் ஒரு கோப்பு இருக்கிறது. எந்தப் பிஸ்டன் எப்போது மாற்றப்பட்டது, எந்த மோட்டார் எந்த அச்சில் இருக்கிறது, எண்ணெயில் செம்பு எத்தனை என்பதெல்லாம் அதில் வரும். ஆய்வுக்கூடத்திலிருந்து ‘செம்பு ஏறியிருக்கிறது’ என்று ஒரு சீட்டு வந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினை நிறுத்திப் பிரித்துவிடுகிறார்கள். டிரைவர் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார். சத்தமும் இராது, புகையும் இராது. நம் சங்கத்தில் அப்படி ஓர் இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் நிர்வாக சபை என்னைப் பைத்தியக்காரன் என்றிருக்கும். பேரிங் ஒன்று மாற்றும் செலவு எங்கே, கிராங்க் தண்டே போகும் செலவு எங்கே என்று அன்று கணக்குப் பார்க்க எங்களுக்குத் தெரியாது.

பயணந்தோறும் ஒரு பார்வை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை, காலாண்டு, அரையாண்டு, ஆண்டு என்று ஆதியில் சோதனைகள் வகுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எதைத் திறப்பது, எதை அளப்பது, எதைக் கட்டாயமாக மாற்றுவது என்பதற்குப் பட்டியல் உண்டு. நல்ல எண்ணெயும் நல்ல உறுப்புகளும் வந்த பின்னர் இடைவெளிகள் நீட்டப்பட்டன. முழுவதும் பிரித்துக் கட்டும் பெரும் பராமரிப்பு ஷெட்டில் நடப்பதில்லை. அதற்கு இஞ்சின் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை போன்ற பெருந்தொழிற்சாலைக்குப் போகும்.

இங்கே ஒரு பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். ஆல்கோ வகை இஞ்சின் வேலையின்றி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தால்கூட மணிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் டீசல் குடிக்கும். நிறுத்திவிடலாமே என்பீர்கள். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்ற பயம் டிரைவருக்கு. பாட்டரி சோர்ந்திருந்தால் பிரதான பாதையில் வண்டியோடு நிற்க நேரிடும். பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே சிக்னலில் அரை மணி, ஒரு மணி என்று இஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். நிறுத்துங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை; பாட்டரிக் கூடத்தின் வேலை நம்பத்தக்கதாக இருந்தால் அவர் தாமே நிறுத்துவார். பிற்காலத்தில், பெரிய யந்திரம் ஓய்ந்திருக்கும்போது பாட்டரியையும் பிரேக்குக்கான காற்றையும் பார்த்துக்கொள்ள, மணிக்கு மூன்று லிட்டர் அளவே குடிக்கும் சிறு துணை யந்திரம் ஒன்றைப் பல இஞ்சின்களில் பொருத்தினார்கள்.

இனி இந்த ஷெட்டுகளின் இன்றைய நிலை. 1999இல் அமெரிக்காவிலிருந்து 4,000 குதிரைத் திறனுள்ள புதுவகை டீசல் இஞ்சின் வந்து, பின்னர் வாராணசியிலேயே செய்யப்பட்டது. அதற்குச் சோதனைகளின் இடைவெளி இன்னும் நீளம். அதைப் பழகி முடிப்பதற்குள் பெரிய மாறுதல் வந்துவிட்டது. நாட்டின் அகலப் பாதைகள் அனேகமாக முழுவதும் மின்மயமாகிவிட்டன. டீசலின் பெயரையே தாங்கி நின்ற வாராணசித் தொழிற்சாலை 2020இல் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர் மாறியது. இப்போது அங்கே மின்சார இஞ்சின்கள் உருவாகின்றன. டீசல் ஷெட்டுகள் பலவற்றில் மின்சார இஞ்சின்களும் பேணப்படுகின்றன. புயலில் மின்கம்பி அறுந்தாலும், மின்சாரம் போகாத யார்டுகளிலும், தடம் புரண்ட வண்டியை மீட்கவும் டீசல் இன்னும் வேண்டியிருக்கிறது. ஆனால் அதன் ஆட்சிக் காலம் முடிந்துவிட்டது.

மின்சார இஞ்சின் வந்ததும் ஷெட்டின் உடலே மாற வேண்டியிருக்கிறது. மூன்று தளம் போதாது. கம்பியைத் தொடும் பான்டோகிராப் கூரை மேல் இருப்பதால் நான்காவதாகக் கூரை மட்டத்தில் ஒரு மேடை வேண்டும். 25,000 வோல்ட் பாயும் கம்பியின் கீழே கிரேனை ஓட்ட முடியாது. ஆகவே எந்தப் பாதையில் எதுவரை கம்பி வரலாம், எப்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும் என்பதற்குப் புது ஒழுங்கு வேண்டும். கட்டடத்தை மாற்றுவது எளிது. டர்போ ஓயும் சத்தத்தைக் காதால் அளந்தவர்களும், நாசில் தூவுவதைக் கண்ணால் எடை போட்டவர்களும் நடுவயதில் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து மின்னணுச் சுற்றுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. விசைத்தறி வந்த காலத்தில் கைத்தறிக்காரர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இது அன்னியமான செய்தியன்று. ஒரு வேறுபாடு உண்டு. ரெயில்வேயில் வேலை மாறியதே தவிரச் சம்பளம் நிற்கவில்லை. பயிற்சிக் காலத்திலும் ஊதியம் வந்தது. நம் தறிக்காரர்களுக்கு அந்த வசதியை எவரும் செய்து தரவில்லை.

எங்கள் சங்கத்தின் கதையை முடித்துவிடுகிறேன். வேறோர் இஞ்சின் வாங்கியிருக்கிறோம். ஸ்பெக்ட்ரோ மீட்டருக்கு நாங்கள் எங்கே போவது? மச்சான் வேறு இரண்டு சோதனைகளைச் சொல்லிக் கொடுத்தார். ஷெட்டுகளிலும் அவற்றைச் செய்வதுண்டு. இஞ்சின் சூடாக இருக்கும்போது அளவுகோலை உருவி, மை ஒற்றும் தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு வைக்க வேண்டும். கறை ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் பரவினால் எண்ணெய்க்கு இன்னும் சக்தி இருக்கிறது. நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டும், சுற்றிலும் தெளிந்த வளையமும் தனித்தனியே நின்றால் கசடைத் தாங்கும் சக்தி போய்விட்டது. சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் படபடவென்று வெடிக்கிறதா? எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது.

மாதம் ஒரு தாள். தேதியும் ஓடிய மணியும் எழுதி, பழைய நோட்டிலேயே ஒட்டி வருகிறோம். கையொப்பமிடுவதற்கு முன் நிர்வாக சபையில் இருவர் தாளைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களில் ஒருவர், அன்று கடனை மாற்றி எழுதக் கேட்டு வந்த அதே அங்கத்தினர். கடனை அவர் இரண்டு ஆண்டில் தீர்த்துவிட்டார். சென்ற மாதத் தாளைப் பார்த்து, நடுப்பொட்டு முன்னைவிடக் கறுத்திருக்கிறது என்று அவர்தான் முதலில் சொன்னார். ஒப்பந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குக் காத்திராமல் திங்கட்கிழமை எண்ணெயை மாற்றுவதென்று தீர்மானமாகியிருக்கிறது.